வாடகை வீடும் வட்டிக் கணக்கும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், வாடகைக்கு வீடு தேடிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிந்தவர்கள். ஆகவே அந்தச் சோதனை அவர்களுக்கு நேரவில்லை போலும். பிழைப்பை நாடி மாநிலம் கடந்து வந்திருக்கும் நமக்கோ அதுவே முதற் சோதனை. டில்லியில் கரோல்பாக்கிலும், பம்பாயில் மாதுங்காவிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் வாடகைக்கே குடியிருந்து வந்திருக்கின்றன. சம்பளத்தில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது, கோடையில் அந்த அறைக்குள் உறங்க முடிகிறதா, மின்சாரச் சீட்டில் என்ன தொகை வந்திருக்கிறது என்னும் மூன்று கேள்விகளில் நம் இல்வாழ்வின் சுகதுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இம்மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அல்ல. வீடு எப்பொருளால், எம்முறையில் கட்டப்பட்டது. அதற்கான பணம் எங்கிருந்து, எந்த வட்டிக்கு வந்தது என்னும் இரண்டு செய்திகளே மூன்றுக்கும் விடை கூறுவன. கட்டும் முறையையும் கடன் முறையையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்த நகரங்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் திருவனந்தபுரம் ஒன்று. அங்கே நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம்.

திருவனந்தபுரத்தைத் தமிழருக்கு அயலூர் என்று சொல்லிவிட முடியாது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேரும் வரையில், நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் அதுவே தலைநகரம். வழக்கு மன்றத்துக்கும் உத்தியோகத்துக்கும் கல்லூரிக்கும் நாஞ்சில் நாட்டார் அங்கேதான் போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் நிலைத்தனர். கோட்டையைச் சுற்றிலும், கரமனையிலும், வலியசாலையிலும் தமிழ் அந்தணரின் அக்கிரகாரங்கள் அமைந்தன.

அந்த அக்கிரகார வீடுகளைக் கட்டடக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம். இருபக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொது. ஆகவே வெயில் படுவது முன்னும் பின்னும் மட்டுமே. நடுவில் உள்ள முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலேறிப் போய்விடும். ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் பங்காளி என்பதால் கட்டுச்செலவும் குறைவு. செலவு குறைந்த வீடு, குளிர்ந்த வீடு என்னும் இரண்டு குணங்களும் ஒரே சுவரிலிருந்து பிறந்தன. இச்சுவரைப் பின்னரும் நாம் சந்திப்போம்.

பணத்துக்கு என்ன வழி? அக்காலத்தில் வீட்டுக்கென்று வங்கி ஏது? நாஞ்சில் நாட்டிலும் தென்பாண்டி நாட்டிலும் வழங்கிய ஒத்தி முறையை நேயர்கள் அறிவார்கள். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பார். வெளியேறும்போது தொகை திரும்பி வரும். தொகைக்கு வட்டியும் இல்லை, வீட்டுக்கு வாடகையும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று சரி. சென்னைப் பக்கத்தில் இதையே போக்கியம் என்பர். குடியிருப்பவரே வீட்டுக்காரருக்கு வங்கியாக விளங்கிய இந்த ஏற்பாடு மிகவும் சாமர்த்தியமானது என்பதே நம் கருத்து. ஆனால் கையில் தொகை உள்ளவனுக்குத்தான் அது கதவைத் திறந்தது. அன்றாடம் கூலி வாங்குபவனுக்கும், புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தாவுக்கும் அதனால் பயனில்லை.

அவர்களுக்காக அரசாங்கமே வாடகை வீடு கட்டிய பெரிய முயற்சி பம்பாயில் நடந்தது. முதல் உலகப் போர் முடிந்த பின் ஆலைத் தொழிலாளர் பெருகி, இருக்க இடமின்றித் தவித்தனர். 1920இல் கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் பம்பாய் வளர்ச்சித் துறை தோன்றி, ஐம்பதினாயிரம் ஒற்றை அறை வீடுகள் கட்டுவதாகத் திட்டமிட்டது. கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை விதித்து, அதை இத்திட்டத்துக்கு ஒதுக்கினார்கள். வொர்லி, நைகாம், டிலைல் ரோடு, சிவடி ஆகிய இடங்களில் 207 சால்கள் எழுந்தன. அறைகளோ பதினாறாயிரத்துச் சொச்சமே. அவற்றிலும் ஆயிரக்கணக்கானவை தொடக்க ஆண்டுகளில் பூட்டியே கிடந்தன. காரணம் இரண்டு. போர்முடிவின் விலையேற்றத்தில், உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டியதால் வாடகை ஏறிவிட்டது. இருண்ட காங்கிரீட் அறைகளில் புழுங்குவதற்குத் தொழிலாளிக்கு விருப்பமும் இல்லை. நகரில் வீடில்லை என்ற கூக்குரல் ஒருபுறம், ஆளில்லா வீடுகள் மறுபுறம் என்ற விசித்திரத்தை அன்றைய பம்பாய் கண்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாக இருந்ததை நினைத்தால், அந்த விசித்திரம் பழங்கதை அன்று என்று தெரியும்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வியன்னா நகராட்சி வேறு வழியைப் பற்றியது. 1923இல் வீட்டு வரி ஒன்றை, பெரிய மாளிகைகளுக்கு மிகக் கூடுதலாகவும் சிறு வீடுகளுக்கு மிகக் குறைவாகவும் விதித்து, அந்த வருவாயைக் கொண்டே கட்டியது. கடன் இல்லையாதலால் வட்டி இல்லை. வட்டி இல்லையாதலால் பராமரிப்புச் செலவுக்கு ஈடான வாடகையே போதுமாயிற்று. 1934க்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் உயர்ந்தன. பம்பாயின் தீர்வைக்கும் வியன்னாவின் வரிக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் சிறியது. குடியிருந்தவனின் மாத வாடகையில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகிவிட்டது. பம்பாயிலேயே நடுத்தர வகுப்பார் வேறொரு வழியையும் கண்டிருந்தனர். 1915இல் காம்தேவியில் தோன்றிய சரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில், குடியிருப்பவர்களே பங்குதாரர்கள். தங்கள் சங்கத்துக்குத் தாங்களே வாடகை கொடுத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் மத்திய சர்க்கார் வாடகை வீட்டை மறந்துவிடவில்லை. 1952இல் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டம் வந்தது. மாநில அரசாங்கம் கட்டினால் செலவில் பாதி மானியம், பாதி கடன். 1954இல் குறைந்த வருவாயினர் திட்டம். 1959இல் மாநில அரசாங்க ஊழியர்களுக்கான வாடகை வீட்டுத் திட்டம். மானியம் பாதி என்பதால் வாடகை தொழிலாளிக்கு எட்டும் அளவில் நின்றது. ஆனால் வாடகை வசூலிப்பதும், ஒழுகும் கூரையைப் பழுது பார்ப்பதும் அரசாங்கங்களுக்குப் பெருந்தொல்லையாகிவிட்டன. பின்னாளில் பல மாநிலங்களில் அவ்வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. சிங்கப்பூரிலும் 1960இல் தோன்றிய வீட்டுவசதிக் கழகம் முதலில் வாடகைக்கே வீடு கொடுத்து, 1964 முதல் விற்பனைக்குத் திரும்பியது. ஆனால் அங்கே சேமநிதியிலிருந்து விலையைக் கட்ட 1968இல் வழி செய்தார்கள். நம் நாட்டுத் தொழிலாளரில் மிகப் பலருக்குச் சேமநிதியே கிடையாது.

இந்தப் பின்னணியில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் நால்வகை மனிதர்கள் ஒன்றுகூடினர் என்பதே நம் வரலாற்றின் நடுப்பகுதி. ஒருவர் முதலமைச்சர் சி. அச்சுத மேனன். மற்றொருவர் அவருடைய அமைச்சரவையில் வீட்டுவசதிப் பொறுப்பையும் ஏற்றிருந்த எம். என். கோவிந்தன் நாயர். மூன்றாமவர் பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், இளமையிலேயே முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதில் பங்குகொண்டவர். நான்காமவர் இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1917இல் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். சீனத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்து, 1945இல் தொழுநோயாளர் சேவைக்காக இந்தியா வந்தார்; எலிசபெத் என்னும் கேரள மருத்துவரை மணந்தார்; இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகளும், பின் வாகமணில் சில ஆண்டுகளும் வாழ்ந்து, இறுதியில் திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் குடியேறினார். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தே தம்மை வழிநடத்தியது என்று அவர் பலமுறை கூறியதுண்டு. நகரில் அவருக்கு ஏழைகளின் வீட்டுப்பணியைத் தொடக்கத்திலேயே அளித்தவர்களுள் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் ஒருவர்.

பேக்கரின் முறையில் மந்திரம் ஏதுமில்லை. செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவதற்குப் பதிலாக விளிம்பில் நிறுத்திக் கட்டினார். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் கிடைக்கிறது. இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். (எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்னும் நம் பழமொழிக்கு இது பொருத்தமான சுவரே.) செங்கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் குறைவு, நடுவில் அடைபட்ட காற்று, வெளிவெப்பத்தை உள்ளே விடுவதில்லை. காங்கிரீட் தளத்தின் அடிப்பாகம் பளு தாங்குவதில் அதிகம் உதவுவதில்லை என்பது பொறியியலார் அறிந்த உண்மை. அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமிட்டியும் இரும்பும் மிச்சம்; கூரையும் அவ்வளவாகக் காய்வதில்லை. சன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர் காற்றையும் மங்கிய ஒளியையும் ஒருசேரத் தந்தது. பூச்சு இல்லை, வர்ணம் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த திருவனந்தபுரத்தில் இரவும் பகலும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. அங்கே காற்றோட்டம் ஒன்றே மருந்து. நம் அக்கிரகாரத்து முற்றம் செய்த வேலையைச் சல்லடைச் சுவர் செய்தது.

எரிபொருள் மிச்சத்தில் இரண்டு வகை உண்டு. குடியேறிய பின் மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் ஆகும் மின்சாரம் ஒன்று. வீடு எழும்புவதற்கு முன்பே சூளையில் எரிந்துபோகும் விறகும் நிலக்கரியும் மற்றொன்று. சிமிட்டி ஆலையின் உலை ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. செங்கற்சூளையும் விறகைத் தின்கிறது. ஆகையால் ஒரு செங்கல்லைக் குறைப்பது பணத்தைக் குறைப்பது மட்டுமன்று. ஒரு பிடி விறகையும் குறைப்பதாகும். 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியபோது உலகம் விழித்துக்கொண்டு பேசத் தொடங்கிய செய்தியை, உள்ளூர்க் கொத்தனார்களோடு பேக்கர் முன்னமே செய்துகொண்டிருந்தார்.

உள்ளூரில் இதற்குப் பெரிய சான்று உள்ளூர் என்னும் பெயர்கொண்ட பகுதியிலேயே இருக்கிறது. கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அது. 1970களின் தொடக்கத்தில், ஏறத்தாழப் பத்து ஏக்கர் மேட்டுநிலத்தில், மரங்களை வெட்டாமல், மேட்டைச் சமன்படுத்தாமல், நூலகக் கோபுரமும் அலுவலகங்களும் மாணவர் விடுதிகளும் ஆசிரியர் குடியிருப்புகளும் கட்டப்பட்டன. வழக்கமான செலவைவிட மிகக் குறைந்த செலவில் அது முடிந்ததைப் பொருளாதார அறிஞர்களே வீட்டுக்காரர்களாக இருந்து கண்டார்கள். ராஜுக்கு இதில் இன்னொரு மகிழ்ச்சியும் இருந்திருக்கும்: செலவழித்த பணத்தில் பெரும்பங்கு தொலைவிலுள்ள சிமிட்டி ஆலைக்கும் இரும்பாலைக்கும் போகாமல், அவ்வூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சருக்கும் கூலியாகச் சேர்ந்தது.

இதன் நிதிப்பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். நிலத்தையும் வரியையும் பழுதுச் செலவையும் தள்ளிவைப்போம். பத்து லட்ச ரூபாய்க்குக் கட்டிய வீடு. ஒன்பது வீத வட்டி. இருபது ஆண்டுத் தவணை. மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் கட்டவேண்டும். அரசாங்கம் மனமிரங்கி வட்டியை ஆறு வீதமாகக் குறைத்தால், தவணை 7,160 ரூபாயாகிறது. வட்டியை ஒன்பதிலேயே விட்டுவிட்டுக் கட்டுச்செலவில் கால்பங்கைக் குறைத்தால், தவணை 6,750 ரூபாய். அதாவது, கொத்தனார் தரும் சலுகை கருவூலம் தரும் சலுகையைவிடப் பெரிது. கருவூலச் சலுகை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து வரவேண்டும்; கொத்தனாரின் சலுகை ஒருமுறை கொடுத்ததோடு நிலைத்துவிடும்.

வாடகை வீட்டுக்கு இது இன்னும் முக்கியம். வாடகை வீட்டில் ஒரு பழைய முடிச்சு உண்டு. வீட்டைக் குளிர்ச்சியாகக் கட்டும் செலவு வீட்டுக்காரருடையது. மின்சாரச் சீட்டோ குடியிருப்பவருடையது. தமக்குப் பயனில்லாத செலவை வீட்டுக்காரர் ஏன் செய்யப் போகிறார்? மேலைநாடுகளில் இந்த முடிச்சை அவிழ்க்க எத்தனையோ கடன் திட்டங்களும் மானியங்களும் வகுத்திருக்கிறார்கள். குளிர்ந்த வீடு என்றால் கூடுதல் செலவு என்பதே அவற்றின் அடிப்படை. திருவனந்தபுரத்து அனுபவம் அந்த அடிப்படையையே மறுத்தது. குளிர்ந்த வீடே மலிவான வீடாகவும் இருக்குமானால், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே முடிச்சே விழுவதில்லை.

பின் ஏன் நாடெங்கும் இது பரவவில்லை என்று நேயர்கள் கேட்பது நியாயமே. பொதுப்பணித் துறைகளின் விலைப்பட்டியலில் இல்லாத ஒரு சுவரைக் கட்ட அனுமதி பெறுவதே பெரும்பாடு. கட்டுச்செலவின் மேல் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்கும் இடத்தில், செலவைக் குறைப்பவன் தன் கூலியையே குறைத்துக்கொள்கிறான். பூச்சில்லாத சுவரை முடிவடையாத வீடு என்றும், ஏழை வீடு என்றும் எண்ணும் மனப்பான்மை இன்னொரு தடை. காலப்போக்கில் வேறு இடையூறுகளும் வந்தன. கேரளத்தில் கொத்தனார் கூலி உயர உயர, பொறுமையாகக் கட்டவேண்டிய முறையின் ஆதாயம் குறைந்தது. வயல் மண்ணை எடுப்பதற்குத் தடைகள் வலுத்தபின் செங்கல்லும் மலிவான பொருளாக இல்லை. பேக்கரின் வழிவந்தோர் மண்சுவருக்கும் மூங்கிலுக்கும் திரும்பியது அதனால்தான்.

பணம் தரும் பக்கத்தில் ஒரு நல்ல மாறுதல் அதே 1970இல் நிகழ்ந்தது. ஹட்கோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் வீட்டுவசதி நகர வளர்ச்சிக் கழகம் அவ்வாண்டு ஏப்ரலில் டில்லியில் தோன்றியது. மாநில அரசாங்கத்தின் உத்தரவாதத்தின் பேரில் வீட்டுவசதி வாரியங்களுக்குக் கடன் கொடுத்தது. ஏழைகளின் வீட்டுக்குக் குறைந்த வட்டி, வசதியுள்ளோர் வீட்டுக்குக் கூடிய வட்டி என்று வகுத்து, ஒன்றின் ஆதாயத்தால் மற்றொன்றைத் தாங்கியது. அடுத்த ஆண்டே கேரள மாநில வீட்டுவசதி வாரியம் சட்டப்படி அமைந்தது.

ஆனால் கேரளம் அவ்வாண்டுகளில் தேர்ந்த பாதை வாடகையன்று, உரிமை. 1970 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர் அந்த மனையை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். கிராமத்தில் பத்து சென்ட், பெருநகரில் மூன்று சென்ட். நூற்றாண்டுகளாக வெளியேறு என்ற சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது விடுதலை. அதை அடுத்து எம். என். கோவிந்தன் நாயரின் லட்சம் வீட்டுத் திட்டம் வந்தது. பஞ்சாயத்து ஒன்றுக்கு நூறு வீடு என்பது குறிக்கோள். அரசாங்கம் நிலம் தேடித் தந்தது. பொதுமக்கள் நன்கொடையும் உழைப்பும் தந்தனர். பெரும்பாலானவை இரட்டை வீடுகள், நடுச்சுவர் பொது. லட்சம் என்ற எண்ணை அது எட்டவில்லை எனினும், சில ஆண்டுகளுக்குள் அரைலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அக்கிரகாரத்தில் நாம் கண்ட பொதுச்சுவர், நிலமற்ற உழவனின் வீட்டில் மீண்டும் தோன்றியது. ஆனால் பின்னர், ஒரு குடும்பம் தன் பாதியை இடித்துக் கட்ட விரும்பியபோது மறு பாதி தடையாயிற்று. பொதுச்சுவரைப் பராமரிப்பதற்கு ஒரு பொது ஏற்பாடும் வேண்டும் என்பதை அப்போது யாரும் எண்ணவில்லை.

உரிமை வழங்கியதில் குறை காண்பது நம் நோக்கமன்று. எனினும், புதிதாக ஊருக்கு வருபவனுக்கு அந்தப் பாதையில் இடமில்லை. மனைக்கு உரிமை கோர, முன்பே அங்கே குடியிருந்திருக்க வேண்டும். 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரைக் காத்தது. ஆனால் வெளியேற்ற முடியாது என்னும் அச்சத்தால் வீட்டைப் பூட்டிவைப்பவர்களும் உண்டானார்கள். 1961இல் இந்திய நகரங்களில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன, 2011இல் 27.5 சதவீதமே. எல்லாரும் சொந்த வீடு கட்டிவிட்டதால் மட்டும் இந்த எண் குறையவில்லை; வாடகைக்கு வீடு கட்டுபவர் குறைந்ததும், வந்தவர்கள் சேரிகளில் ஒதுங்கியதும் அதில் அடங்கும்.

திருவனந்தபுரத்தின் நடுவில், தம்பானூருக்கு அருகே, செங்கல்சூளை என்று ஒரு குடியிருப்பு உண்டு. ராஜாஜி நகர் என்பது அதன் பிற்காலப் பெயர். நம் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவ ராவ் காலத்தில், 1869இல் முடிந்த தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு அங்கே செங்கல் சுட்டதாகச் சொல்லுவர். சூளையில் வேலை செய்ய வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அங்கேயே தங்கி, நகரின் மிக நெருக்கமான சேரியாக அது மாறியது. அச்சுத மேனன், கே. என். ராஜ், பேக்கர் ஆகியோர் சேர்ந்து 1985இல் நிறுவிய காஸ்ட்ஃபோர்ட் என்னும் ஊரக வளர்ச்சித் தொழில்நுட்ப மையமும் பேக்கரும் அங்கே செங்கல் அடுக்கு வீடுகளைக் கட்டினர். ஊரின் மாளிகைக்குச் செங்கல் சுட்ட இடத்தில், ஊரின் எளியவர்க்குச் செங்கல் வீடு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பின்னர், 2005இல் தொடங்கிய மத்திய நகர்ப் புதுப்பிப்புத் திட்டத்தின் நிதியைக் கொண்டு, சாலைக்கு அருகிலுள்ள கரிமடம் குடியிருப்பிலும் அதே மையம் அடுக்கு வீடுகளை எழுப்பியது. மாநகராட்சிப் பணம், மாநிலப் பணம், மத்திய மானியம் மூன்றும் கலந்தும், வேலை கட்டம் கட்டமாகத்தான் நகர்ந்தது. ஒரு கட்டம் முடிந்து குடியேறினால்தான் அடுத்த கட்டத்துக்கு இடம் காலியாகும்.

1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றிய பின் நகரத்தின் வடபகுதியில் வாடகை ஏறத் தொடங்கியது. கணினி வேலைக்கு வரும் இளைஞர்களில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பிள்ளைகள் பலர். கட்டட வேலைக்கு வருபவர்களோ வங்காளத்தார், அசாமியர், ஒடியர். ஒரு காலத்தில் அவ்வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் இடத்தில் இப்போது அவர்கள். இருவகையினருக்கும் தேவை சொந்த வீடன்று. சில ஆண்டுகள் தங்கும் வாடகை இடமே. கேரளத் தொழிலாளர் துறையின் பவனம் அமைப்பு, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர் 640 பேர் தங்குவதற்கு அப்னா கர் என்னும் வாடகை விடுதியை 2019இல் திறந்தது இவ்வகையில் ஒரு முன்னோடி. 2020இல் பெருந்தொற்று அடைப்பின்போது நகரங்களிலிருந்து தொழிலாளர் கால்நடையாகவே ஊர் திரும்பிய துயரத்துக்குப் பின், அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அரசாங்கம் கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகளை இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைக்கு விட்டு வாடகை வீடாக்குவது அதன் ஒரு கிளை. 2024இல் வந்த பிரதம மந்திரி நகர வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் பதிப்பிலும் வாடகை வீடு ஒரு தனிப்பிரிவாக இடம்பெற்றது. அறுபதாண்டு இடைவெளிக்குப் பின் வாடகை வீடு டில்லிக் கோப்புகளில் மறுபடியும் நுழைந்திருக்கிறது.

இங்கும் பழைய கணக்கு குறுக்கிடுகிறது. நம் நகரங்களில் ஒரு வீட்டின் விலையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதமே வாடகையாகக் கிடைக்கிறது. வீட்டுக் கடனுக்கோ அதைவிட மிகக் கூடுதலான வட்டி. இந்த இடைவெளியை நிலத்தை அரசாங்கம் கொடுத்து ஒரு பகுதி நிரப்பலாம். நீண்ட காலக் கடனால் ஒரு பகுதி நிரப்பலாம். கட்டுச்செலவைக் குறைத்து ஒரு பகுதி நிரப்பலாம். முதலிரண்டைப் பற்றிக் குழுக்கள் நிறையப் பேசியிருக்கின்றன. மூன்றாவதற்கு, 2018இல் எரிசக்திச் சேமிப்பு அமைப்பு வெளியிட்ட ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு ஒரு கைப்பிடி தருகிறது. சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குப் பதினைந்து வாட்டுக்கு மேற்படலாகாது என்று அது அளவு வைத்திருக்கிறது. அளந்து காட்டக்கூடிய பொருளுக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். பேக்கரின் சுவர் குளிர்ச்சியானது என்று அவர் காலத்தில் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

இன்றைய திருவனந்தபுரத்தில் மாடியிலிருந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கடன் வாங்கிப் போட்ட காங்கிரீட் தளத்தின் மேல், வெயிலும் மழையும் தாங்காமல், மறுபடியும் இரும்புச் சட்டமிட்டு ஒரு தகரக் கூரை. ஒரு வீட்டுக்கு இரண்டு கூரைச் செலவு. அதன் கீழ் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையில் இரண்டு கூரைக்கும் வட்டி அடங்கியிருக்கிறது. லாரி பேக்கர் 1988ஐ ஒட்டி இந்தியக் குடியுரிமை பெற்று, 1990இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2007 ஏப்ரல் முதல் தேதி அந்நகரிலேயே மறைந்தார். தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், திருகுபோல் மேலேறும் செங்கல் கோபுரமாக நிற்கிறது. சல்லடைச் சுவர் வழியே காற்று வர, சரிந்தேறும் தளத்தில் அமர்ந்து, நாகர்கோவில் பேருந்துக்குக் காத்திருப்போர் காபி அருந்துகின்றனர். நகருக்கு வெளியே விளப்பில்சாலையில் அவர் பெயரால் அமைந்த வாழிட ஆய்வு மையத்தில், எலிப்பொறிக் கட்டும் ஓடு பதித்த தளமும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் கொத்தனார்களுக்கும் கற்பிக்கப்படுகின்றன.